நாப்பது செகண்டு

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஐசக் அண்ணன் வண்டியைக் கழுவிக்கிட்டு இருக்காவ, கேஸ் வந்தா சொல்லுவாவ. அதுவரைக்கும் நமக்கு நேரம்தான்.

ஆம்புலன்சுல கொண்டுபோற பிள்ளையை ஆஸ்பத்திரியில ஒப்படைக்கும்போது என்ன சொல்லணும், யார்கிட்ட சொல்லணும்னு புதுசா படிவம் போடுதீயளாம்லா? போடுங்க. நல்லாப் போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததைக் கேளுங்க. முழுசாக் கேளுங்க. நடுவுல பேசாதீங்க. நடுவுல பேசுதவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நீங்க நாலாவது ஆளு, தெரியுமா? மொத வந்தவரு நான் பேசப் பேச போனைத் தடவிக்கிட்டே இருந்தாரு. ரெண்டாவது வந்த அம்மா, நான் வாயைத் தொறக்கதுக்கு முன்னாடியே ‘சுருக்கமாச் சொல்லுங்க’ன்னாவ. ஒரு பிள்ளை நாலு நாள் மூச்சு மெஷின்ல கெடந்ததை எப்படி சார் சுருக்கமாச் சொல்ல? மூணாவது ஆளு ஒரு தாளைக் குடுத்து ‘எழுதி வைங்க, சாயங்காலம் வாங்கிக்கிடுதேன்’னாரு. எந்தச் சாயங்காலம்னு சொல்லாமப் போயிட்டாரு. அந்தத் தாளு இங்கனதான் கெடக்கு.

நான் சொன்னேன் சார். அதை மொதல்ல எழுதிக்கிடுங்க. செண்பகவல்லி சொன்னா. பதினோரு வருஷமா இந்த வண்டியில இருக்கேன். நர்சு படிப்பு படிச்சிருக்கேன். வண்டிக்குள்ளயே பதினாலு பிரசவம் பாத்திருக்கேன். ஒரு கேசைக் கூட நான் வாயைத் தொறந்து சொல்லாம எறக்கி வெச்சதில்ல. ‘ஆம்புலன்ஸ் ஊழியர் தகவல் தெரிவிக்கவில்லை’ன்னு ரிப்போர்ட்டுல எழுதிட்டாவ பாத்தீயளா, ஒத்தை வரி, அந்த ஒத்தை வரியைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் படிச்சேன். பயத்துல இல்ல. கோவத்துல.

சரி, சொல்லுதேன்.

அன்னைக்குச் செவ்வாய்க்கெழமை. பங்குனி வெயிலு மண்டையைப் பிளக்கு. ரெண்டு மணி இருக்கும், சோத்துப் போணியைத் தொறந்து ரெண்டு வாய் வெச்சிருப்பேன், கேஸ் வந்துட்டு. நொச்சிவிளையில ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு வலிப்பு. ஐசக் அண்ணன் வண்டியை எடுத்தாவன்னா அது ஓட்டுததில்ல, பறக்குதது. பன்னண்டு நிமிஷத்துல போய் நின்னோம்.

ஊருக்குள்ள நுழையதுக்கு முன்னாடியே தார் ரோட்டுல நிக்கா தாய்க்காரி. கால்ல செருப்பு இல்ல. தோள்ல பிள்ளை, கையில ஒரு துணிப்பை. மாரிக்கனின்னு பேரு. இருபத்திமூணு வயசு இருக்கும். பீடி சுத்துத பிள்ளை. மாப்பிள்ளை கேரளாவுல கட்டட வேலைக்குப் போயிருக்கான். பிள்ளை பேரு சஷ்விகா. இப்ப வைக்குத பேரு ஒண்ணும் வாயில நுழைய மாட்டேங்கு. தொட்டுப் பாத்தேன், தோசைக்கல்லு மாதிரி கொதிக்கு. மயக்கமா இருந்தா, ஆனா மூச்சு நல்லா இருந்தது. ஏத்தியாச்சு.

ரெண்டு கிலோமீட்டர் போயிருக்க மாட்டோம், மறுபடியும் வந்துட்டு. கண்ணு மேல சொருகிட்டு, வாயில நுரை, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு. பிள்ளையை ஒருச்சாய்ச்சுப் படுக்க வெச்சு, வாயைத் துடைச்சு, ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு கை மாஸ்க்குல, ஒரு கை பிள்ளை தாடையில. வண்டி குலுங்குது. சைரன் அடிக்கு. அந்த நேரத்துல இவ எம்பக்கத்துல இருந்துக்கிட்டு, ‘யக்கா, மத்தியானம் கிளினிக்குல…’ன்னு ஆரம்பிக்கா.

‘எம்மா, செத்த வாயை மூடு. நான் பிள்ளையைப் பாக்கவா, ஒன்னையப் பாக்கவா?’ன்னேன்.

பின்ன என்ன சார் சொல்ல? எல்லாத் தாயும் அப்படித்தான். சாமிக்கு நேந்துக்கிட்டதைச் சொல்லுவா, மாமியார் தண்ணி ஊத்துனதைச் சொல்லுவா, பிள்ளை நேத்து முறுக்கு தின்னதைச் சொல்லுவா. அம்புட்டையும் கேட்டுக்கிட்டு இருந்தா பிள்ளையை யாரு பாக்க? எங்க டிரெயினிங்கிலயே சொல்லித் தந்திருக்காவ, கூட வாரவங்களை அமைதிப்படுத்தணும்னு. நான் அமைதிப்படுத்துனேன்.

அவ சும்மா இருந்தாளா? துணிப்பையைத் தொறந்து என்னத்தையோ எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதா. எனக்குக் கண்ணு மறைக்கு. ‘உள்ள வை’ன்னுட்டு அந்தப் பையைக் காலால அங்கிட்டுத் தள்ளுனேன். தள்ளுனேன்னா ஒதைக்கல. ஒதுக்குனேன்.

எங்க வண்டியில டாக்டர் கெடையாதுல்லா, மருந்து குடுக்கணும்னா போன்ல ஒரு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் குடுக்கணும். கேட்டேன். அவரு வயசு கேட்டாரு, எடை கேட்டாரு, எத்தனை நிமிஷமா இழுக்குன்னாரு. ‘ஏற்கனவே ஏதாவது மருந்து குடுத்திருக்கா?’ன்னாரு. ‘இல்ல சார்’னேன். ‘சரி, வலிப்பு மருந்தை மூக்குல குடுங்க’ன்னாரு. ரெண்டு இருபதுக்குக் குடுத்தேன். நாலே நிமிஷம், நின்னுட்டு. பிள்ளை கை தளந்து என் கை மேல விழுந்தது. எனக்கு உசுரு வந்துட்டு. ரெண்டு இருபதுன்னு என் பொறங்கையிலயே பேனாவால எழுதி வெச்சேன். தாளு தொலையும், கை தொலையாதுல்லா. அப்படிப்பட்டவ சார் நான். அப்படிப்பட்டவளைப் பாத்துத்தான் ‘தகவல் தெரிவிக்கவில்லை’ன்னு எழுதுதாவ.

பெரியாஸ்பத்திரிக்குள்ள போறோம், ரெண்டு அம்பது. உள்ள திருவிழாக் கூட்டம். ஒரு வேன் கவுந்து ஏழெட்டுப் பேரு ரத்தமும் கையுமாக் கெடக்காவ. பிள்ளைங்க பகுதியில ஒரே ஒரு டாக்டர், அனிஷான்னு, படிச்சு முடிச்சு ஒரு வருஷம் கூட ஆகாத பொண்ணு. கிரேஸ் சிஸ்டர் ஒருத்தி. ஸ்ட்ரெச்சரை நிறுத்துனதும் நான் சொல்லுதேன். இப்பச் சொல்லுதேன் பாருங்க, அதே மாதிரி:

‘ரெண்டரை வயசுப் பெண் பிள்ளை, பதினோரு கிலோ, காய்ச்சலோட வலிப்பு, வண்டிக்குள்ள இன்னொரு தடவை வந்தது, ரெண்டு இருபதுக்கு மூக்குல வலிப்பு மருந்து குடுத்திருக்கு, நாலு நிமிஷத்துல நின்னுட்டு, சர்க்கரை நூத்திப்பத்து, ஆக்சிஜன் தொண்ணூத்தேழு.’

அப்புறம் ஒரு தடவை வீட்டுல கடிகாரத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு, அந்த அவசர வெப்ராளத்துல எப்படிச் சொல்லியிருப்பேனோ அப்படியே நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பாத்தேன். நாப்பது செகண்டு. நாப்பது செகண்டு ஒரு மனுஷி பேசுததைக் கேக்க இந்த ஒலகத்துல ஆள் இல்ல சார்!

நான் பேசும்போது என்ன நடக்குன்னு நெனைக்கீய? டாக்டரம்மா குனிஞ்சு பிள்ளை கையில நரம்பு தேடுதாவ. ‘ம்ம்… ம்ம்…’ங்காவ. கிரேஸ் சிஸ்டர் பல்லால பிளாஸ்திரியைக் கிழிக்கா. ஒருத்தன் வந்து எங்களுக்கு நடுவுல பூந்து ஸ்ட்ரெச்சரைக் கேக்கான். வேன் ஆக்சிடென்டுக்காரன் தம்பி ஒருத்தன் டாக்டரம்மா தோளைப் பிடிச்சு இழுக்கான். நான் சொல்லுதேன், சொல்லுதேன், சொல்லி முடிச்சிட்டேன். ‘அக்கா, நீங்க எழுதுன கேஸ் ஷீட்டை அங்க வெச்சிருங்க’ன்னா கிரேஸ். வெச்சேன். நான் இன்னும் கையை எடுக்கல, அதுக்குள்ள அந்தத் தாளு மேல எவளோ ஒரு குளுக்கோஸ் பாட்டிலை வெச்சுட்டுப் போறா.

என் பொறங்கையைக் காட்டி, ‘டாக்டர், ரெண்டு இருபது’ன்னேன் மறுபடியும். ‘ம்ம், ஓகே அக்கா’ன்னாவ. நிமிந்து பாக்கல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிமிந்து என் மூஞ்சியைப் பாத்திருந்தா!

அதுக்குள்ள ஐசக் அண்ணன் அடுத்த கேஸ்னு கூப்பிடுதாவ. போயிட்டேன். பின்ன, அங்கனயே உக்காந்துருக்க முடியுமா?

நான் போன பத்தாவது நிமிஷம், பிள்ளைக்கு எடது கை லேசா வெட்டி இழுத்திருக்கு. டாக்டரம்மா ஊசியில மறுபடியும் வலிப்பு மருந்து ஏத்திட்டாவ. அஞ்சு நிமிஷம். பிள்ளைக்கு மூச்சு நின்னுபோச்சு. அந்த மருந்து அளவு மீறுனா மூச்சை அமுக்கிரும் சார், அது எங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஒதடு நீலம் பாரிச்சுப்போச்சாம். மாரிக்கனி தரையில உருண்டிருக்கா. தொண்டையில குழாயைப் போட்டு, மெஷின்ல போட்டு, நாலு நாளு.

எனக்கு அன்னைக்குச் சாயங்காலம் டீக்கடையிலதான் தெரிஞ்சுது. ஐசக் அண்ணன்கிட்ட அங்க உள்ள வாட்ச்மேன் சொல்லிருக்காரு. கையில இருந்த கிளாசை அப்படியே வெச்சுட்டு நேரே போனேன். யூனிபார்ம் கூட மாத்தல. அனிஷா டாக்டர் வராண்டா கோடியில, படிக்கட்டுக்கு அடியில நின்னுக்கிட்டு இருந்தாவ. கண்ணு செவந்து கெடந்தது. நான் விடல.

‘ஏன் டாக்டர், நான் சொன்னேனா இல்லையா?’

கழுத்துல கெடந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழட்டிக் கையில சுத்துனாவ.

‘ரெண்டு தடவை சொன்னேன். கையைக் காட்டிச் சொன்னேன். ஓகேன்னு சொன்னீய. எதுக்கு ஓகேன்னீய?’

‘சொன்னீங்க அக்கா,’ன்னாவ. ‘காதுல விழுந்தது. ஆனா மனசுல ஏறல. நான் அப்ப நரம்பு கிடைக்குமான்னு மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க பேசினது ஒரு சத்தமாத்தான் இருந்தது எனக்கு.’

சத்தமாம் சார். பதினோரு வருஷ அனுபவத்தோட ஒருத்தி உசுரைக் குடுத்துச் சொல்லுதா, அது சத்தமாம். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்தது. ‘காது எதுக்கு டாக்டர் வெச்சிருக்கு? எதிர்ல ஒருத்தி வாய் அசையுதுன்னா அதுல ஒரு விஷயம் இருக்கும்னு தோண வேண்டாமா?’ன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். வார்டே திரும்பிப் பாத்தது. அவங்க அழுதாவ. ‘தப்புதான் அக்கா’ன்னாவ. மறுநாள் எழுதியும் குடுத்தாவளாம், தன் மேலதான் தப்புன்னு. ஒத்துக்கிட்டா மட்டும் போதுமா? ஒத்துக்கிட்டா பிள்ளைக்கு மூச்சு வந்துருமா?

ஆனா மேல இருந்து வந்த ரிப்போர்ட்டுல என்ன எழுதுனாவ? நான் தகவல் சொல்லலன்னு. ஏன்னா ஷீட்டைக் காணோம். அந்தக் குளுக்கோஸ் பாட்டிலோட சேந்து எந்தக் குப்பைக்குப் போச்சோ. தாளு இல்லன்னா பேச்சே இல்லையாம். நான் விடுவேனா? பெரிய டாக்டர் ரூம் வாசல்ல போய் நின்னேன். ரெண்டு மணி நேரம் நின்னேன். உள்ள விட்டதும், ‘எல்லாருமே பிசியா இருந்தாங்கம்மா, யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகுது’ன்னாவ. ‘எனக்கு ஆகணும் சார்’னேன். ‘விசாரணை வைங்க. எல்லாரையும் கூப்பிடுங்க. நான் சொன்னதுக்கு ஐசக் அண்ணன் சாட்சி. கிரேஸ் சிஸ்டர் சாட்சி. தாய்க்காரி சாட்சி’ன்னேன்.

ஆமா, நான்தான் கேட்டேன். தாய்க்காரியைக் கூப்பிடுங்கன்னு நான்தான் சொன்னேன்.

அந்த நாலு நாளும் டியூட்டி முடிஞ்சு போய்ப் பாத்தேன் சார், அதையும் எழுதிக்கிடுங்க. உள்ள விட மாட்டாவ, கண்ணாடி வழியாப் பாப்பேன். அந்தச் சின்ன நெஞ்சு மெஷின் இழுக்க இழுக்க ஏறி எறங்கும். மாரிக்கனி கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துருப்பா. ரெண்டாவது நாளு என்னையப் பாத்தா. பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. என்ன கொழுப்பு பாருங்க! ஒன் பிள்ளைக்காக எல்லார்கூடவும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன், நீ என்கிட்டயே மூஞ்சியைத் திருப்புத. சரி, பிள்ளை அப்படிக் கெடக்கு, யார் மேலயாவது கோவம் வரத்தானே செய்யும்னு விட்டுட்டேன்.

அஞ்சாவது நாளு குழாயை எடுத்தாவ. பிள்ளை தானா மூச்சு விட்டுட்டு. ஐசக் அண்ணன் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்திருந்தாவளாம், என்கிட்ட சொல்லவே இல்ல. தொண்டை கட்டி ஒரு வாரம் பிள்ளைக்குச் சத்தமே வரலையாம். நடக்கும்போது ஒரு மாசம் வரைக்கும் தள்ளாடிருக்கு. இப்ப ஓடுதாம். நல்லா இருக்கு. பிள்ளை நல்லா இருக்கு, சார்.

விசாரணைக்கு வாரேன்.

பெரிய டாக்டர், இன்னும் ரெண்டு டாக்டருமாரு, எங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தரு. நான், அனிஷா டாக்டர், கிரேஸ் சிஸ்டர், ஐசக் அண்ணன். மாரிக்கனி கடைசி நாற்காலியில, நுனியில உக்காந்திருக்கா. நான் சொன்னேன். நாப்பது செகண்டையும் அப்படியே சொன்னேன். கிரேஸ் ஒத்துக்கிட்டா. டாக்டரம்மா ஒத்துக்கிட்டாவ. ‘அக்கா சொன்னாங்க, நான் வாங்கிக்கல’ன்னாவ. அந்த ‘தகவல் தெரிவிக்கவில்லை’யைப் பெரிய டாக்டர் அவரு கையாலேயே அடிச்சாரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சுட்டு. அத்தோட முடிச்சிருக்கலாம்.

‘ஆக மொத்தம் பிள்ளைக்கு ரெண்டு தடவை மருந்து போயிருக்கு’ன்னு பெரிய டாக்டர் எழுதப் போறாவ. அப்ப மாரிக்கனி சொல்லுதா, ‘மூணு.’

எல்லாரும் திரும்பிப் பாத்தோம்.

‘ரெண்டு’ன்னேன் நான்.

‘மூணு’ங்கா. பைக்குள்ள கையை விட்டு தடுப்பூசி அட்டையை எடுக்கா. அதுக்குள்ள ஒரு சீட்டு மடிச்சு வெச்சிருக்கு. அன்னைக்கு ஒரு மணிக்கே பிள்ளைக்கு மொத வலிப்பு வந்திருக்கு. பக்கத்து ஊரு கிளினிக்குக்குத் தூக்கிக்கிட்டு ஓடிருக்கா. அங்க வலிப்பு ஊசி போட்டு, சீட்டும் எழுதிக் குடுத்து, ‘உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ, இந்தச் சீட்டைக் காட்டு’ன்னு அனுப்பிருக்காவ. துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்த எடத்துல மறுபடியும் வலிப்பு. அப்பத்தான் எங்களுக்குப் போன் பண்ணிருக்கா.

‘இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?’ன்னாவ பெரிய டாக்டர்.

‘இந்த யக்காகிட்ட சொன்னேன்’னா.

எனக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே. ‘ஏட்டி, பொய் சொல்லாத’ன்னுட்டேன், அந்தப் பெரியவங்களுக்கு முன்னாடியே. ‘எப்ப சொன்ன? எங்கிட்ட நீ ஒண்ணுமே சொல்லலையே!’ அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் கத்தக் கத்த அவ குனிஞ்சுக்கிட்டே போறா.

எங்க ஆபீஸ்காரரு கிட்ட ஒரு சின்னப் பெட்டி இருந்தது. போன்ல டாக்டர்கிட்ட பேசுததெல்லாம் பதிவாகுமாம், எனக்கும் தெரியும், மறந்துபோச்சு. நான் ரெண்டு இருபதுன்னு சொன்னதுக்கு ஆதாரமா அவரு அதைக் கொண்டாந்திருந்தாரு. எனக்காகத்தான் கொண்டாந்தாரு. போட்டாரு.

சைரன் சத்தம். என் குரலு. போன்ல அந்த டாக்டர் கேக்காரு, ‘ஏற்கனவே ஏதாவது மருந்து குடுத்திருக்கா?’ நான் சொல்லுதேன், ‘இல்ல சார்.’ அதுக்குப் பின்னாடியே, பின்னாடின்னா எங்கயோ இல்ல, என் தோளுக்குப் பக்கத்துல, ‘ஊசி போட்டாவக்கா. யக்கா, ஊசி போட்டிருக்கு. சீட்டு இருக்கு யக்கா. ஊசி போட்டாச்சு.’

நாலு தடவை. நான் எண்ணுனேன். அந்த ரூம்ல நான் மட்டும்தான் எண்ணிருப்பேன். நாலாவது தடவைக்கு அப்புறம் என் குரலு: ‘ஏ, சும்மா இரேன்!’ அதுக்கு அப்புறம் அவ பேசல. பெரியாஸ்பத்திரி வார வரைக்கும் பேசல. அங்க வந்தும் யார்கிட்டயும் பேசல. என்னையப் பாத்துப் பயந்துட்டாளாம். அதிகம் பேசுனா பிள்ளையைப் பாக்க மாட்டாவன்னு நெனச்சுட்டாளாம்.

சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டாவ சார்! வண்டிக்குள்ள அப்படியா கேட்டுது? ரோட்டு சத்தம், சைரன் சத்தம், பிள்ளைக்கு இழுக்கு, ஒரு கையில மாஸ்க்கு, போனு தோள்ல. நீங்க வந்து பிடிச்சுப் பாருங்க அந்த மாஸ்க்கை. அப்புறம் பேசுங்க. ஏசி ரூம்ல உக்காந்து கேட்டா எல்லாந்தான் கேக்கும்!

என்ன, என்ன சொல்ல வாரீய? அனிஷா டாக்டரும் இதைத்தானே சொன்னாங்கன்னா? வாயை மூடுங்க சார். அதுவும் இதுவும் ஒண்ணா? நான்…

…அந்தப் பானையில தண்ணி இருக்கு. ஒரு செம்பு குடுங்க.

எனக்கு மெமோ கூட குடுக்கல. அதுதான் இன்னும் ஆத்தாமையா இருக்கு. ஒரு மெமோ குடுத்திருந்தா பதில் எழுதியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். ‘யாரையும் தண்டிக்க இது இல்ல, எல்லாரும் கத்துக்கிடணும்’னு சொல்லி எழுந்துட்டாவ. கத்துக்கிடணுமாம். வெளிய வந்தா மாரிக்கனி மரத்தடியில நிக்கா. நான் அவளைத் தாண்டித்தான் போகணும். அவ ஏதாவது திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு குடுத்திருப்பேன். அவ, ‘யக்கா, நான் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிருக்கணும்’னா.

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்க, எப்படி இருக்கும்? செருப்பைக் கழட்டி அடிச்சிருந்தா கூட வலிச்சிருக்காது. ‘போ, போய் பிள்ளையைப் பாரு’ன்னுட்டு வந்துட்டேன். வேற என்ன வாயில வரும்?

இப்ப உங்க படிவத்துக்கு வாங்க. குடுங்க, பாக்கேன். போன வாரம் ஐசக் அண்ணன் போன்ல அனுப்பி வெச்சாவ, பாத்ததுல இருந்து எனக்கு ஒறக்கம் இல்ல.

ஒப்படைக்கும்போது எல்லாரும் கையை எடுத்துட்டு ஒரு நிமிஷம் கேக்கணும். சரி. ஒருத்தர் எழுதணும். சரி. எழுதுனதைத் திருப்பி வாசிச்சுக் காட்டணும். ரொம்பச் சரி, அதை நான்தான் சொன்னேன் பெரிய டாக்டர்கிட்ட. பெயர், வயது, எடை. நோய் விவரம். கொடுத்த மருந்தும் நேரமும். இப்போதைய நிலை. நாலு. இந்த அஞ்சாவது வரியை யாரு போடச் சொன்னா? ‘உடன் வந்தவர் சொன்னது என்ன?’

இது எனக்குன்னு போட்ட வரி. எனக்குத் தெரியாதா? மாவட்டம் பூரா உள்ள வண்டிக்கெல்லாம் போகப்போகுது இந்தத் தாளு. ஒவ்வொருத்தனும் அஞ்சாவது வரியைப் பாத்து, ‘இது எதுக்கு வந்துச்சு தெரியுமா, அந்த நொச்சிவிளைக் கேசு, அந்த செண்பகவல்லி’ன்னு பேசிச் சிரிப்பான். பதினாலு பிரசவம் பாத்ததை ஒருத்தனும் பேச மாட்டான். இதை அடிச்சுருங்கன்னு சொல்லத்தான் சார் உங்களை வரச் சொன்னேன். ஆமா. அதுக்குத்தான்.

அந்தப் பேனாவைக் குடுங்க.

ஆனா ஒண்ணு கேக்கேன். உங்களுக்குக் கூறு இருக்கா? படிச்சவங்கதானே? கடைசியில கொண்டுபோய் இதைப் போட்டிருக்கீயே, அந்த அவசரத்துல கடைசி வரி வரைக்கும் எவன் சார் வருவான்? மூணாவது வரிக்கு வாரதுக்குள்ள ஒருத்தன் ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சு இழுப்பான். நாலாவது வரிக்கு அடுத்த கேஸ் வந்துரும். அஞ்சாவது வரி வெறும் கோடாக் கெடக்கும். மாசக் கடைசியில எல்லாத்துலயும் ‘ஒன்றுமில்லை’ன்னு எழுதி அடுக்கி வெச்சுருவாவ. நானே எழுதுவேன். நான் எழுத மாட்டேன்னு நெனைக்கீயளா? எழுதுவேன்.

நாலு தடவை சொல்லிச்சு சார் அந்த மாரிக்கனிப் பிள்ளை. நாலு தடவை சொன்னவளை அஞ்சாவதாவா நிக்கச் சொல்லுதீய?

மேல போடுங்க. பேருக்கும் மேல. இந்தா, நானே அம்புக்குறி போட்டுட்டேன் பாருங்க, இங்கன. ஆபீஸ்ல போயி மாத்திப்புடாதீங்க, மாத்துனா அங்க வந்து நிப்பேன், என்னையத் தெரியும்லா. ‘உடன் வந்தவர் சொன்னது என்ன’ன்னு கூட வேண்டாம், அது யாரோ யாருக்கோ எழுதுன மாதிரி இருக்கு. ‘தாயிடம் கேட்டாயா?’ன்னு போடுங்க. மரியாதை எல்லாம் வேண்டாம். கேட்டாயா, இல்லையா. உறைக்கட்டும்.

எழுதிட்டீயளா? வாசிங்க. சத்தமா வாசிங்க, நான் கேக்கேன்.